மணல் லாரி எங்கே நிற்பது? - சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு சின்ன வரலாறு



சேலத்தில் எந்தக் குறுக்குத் தெருவுக்குள் நுழைந்தாலும் யாராவது ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருப்பார். வாசலில் ஆரம்பித்துப் பாதி ரோடு வரைக்கும் மணல். அதை ஒட்டி முக்கால் ஜல்லி. நாலடி தள்ளி செங்கல் அடுக்கு. கம்பி வந்து இறங்கியிருந்தால் அது சாக்கடை ஓரமாக நீளமாகப் படுத்திருக்கும். ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும், டூவீலர் மணலில் சறுக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், "நாலு நாள் பொறுத்துக்குங்க, எடுத்துடறோமுங்க" என்று பதில் வரும். அந்த நாலு நாள் முடிய எட்டு மாதம் ஆகும் :-)

இதை எல்லாரும் இன்றைய பிரச்சினை என்றுதான் பேசுகிறோம். வண்டி பெருகிவிட்டது, ஜனம் பெருகிவிட்டது என்று. ஆனால் இது ரொம்பப் பழைய பிரச்சினை. ரோமாபுரியில் ஜூலியஸ் சீசர் சட்டம் போட்டும் தீராத பிரச்சினை! நம்ம ஊர்ப் பக்கத்திலேயே இதை அழகாகத் தீர்த்த வேலை ஒன்று 1920-களில் நடந்திருக்கிறது. அதையெல்லாம் படித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று தோன்றியது. கட்டடப் பொருள் எப்படி வருகிறது என்பது பாதிக் கதைதான். வந்த வண்டியும் வந்த பொருளும் எங்கே காத்திருக்கின்றன, அந்தக் காத்திருப்புக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பது மீதிக் கதை.

முதலில் ஒரு கணக்கு. இது மேஸ்திரிமார் வாய்க்கணக்கு, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆயிரம் சதுர அடியில் ஒரு சாதாரண வீட்டுக்கு 400 மூட்டை சிமெண்ட், நாலு டன் கம்பி, 18 யூனிட் மணல், 13 அல்லது 14 யூனிட் ஜல்லி, சுமார் இருபதாயிரம் செங்கல் வேண்டும். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. ஒரு யூனிட் மணலே கிட்டத்தட்ட நாலரை டன் வரும். எல்லாம் கூட்டினால் 200 டன்னைத் தாண்டுகிறது. மூன்று யூனிட் லாரியில் மணலுக்கு ஆறு நடை, ஜல்லிக்கு ஐந்து நடை, செங்கலுக்கு ஆறேழு நடை. சிமெண்டை யாரும் மொத்தமாக இறக்கிவைக்க மாட்டார்கள், மழை வந்தால் போச்சு. அதனால் ஐம்பது ஐம்பது மூட்டையாக எட்டு நடை. கம்பி, டைல்ஸ், ஜன்னல் எல்லாம் தனி. ஆக, ஒரு சின்ன வீட்டுக்கு முப்பது தடவை ஏதாவது ஒரு வண்டி அந்தத் தெருவுக்குள் வந்தாக வேண்டும். தெருவில் மூன்று வீடு ஒரே சமயத்தில் எழும்பினால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இனி ரோம். கி.மு. 45-ஐ ஒட்டி சீசர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் நகராட்சிச் சட்டம் ஒரு வெண்கலப் பலகையில் கிடைத்திருக்கிறது. தென் இத்தாலியில் ஹெராக்ளியா என்ற இடத்தில் 1732-ல் கண்டெடுத்தார்கள். சூரிய உதயத்திலிருந்து பகலின் பத்தாம் மணி வரை, அதாவது சாயங்காலம் ஆகும்வரை, ரோம் நகருக்குள் சுமை வண்டி ஓட்டக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். இன்று நம் ஊர் எல்லையில் வைத்திருக்கும் 'கனரக வாகனங்கள் நுழையத் தடை' போர்டுதான் இது! விதிவிலக்கும் உண்டு. கோயில் கட்டவும் அரசாங்க வேலைக்கும் பொருள் கொண்டுவரும் வண்டிகளுக்குத் தடை கிடையாது. அரசாங்கக் குத்தகையில் இடித்த கட்டடத்தின் இடிபாட்டை அள்ளிப்போகும் வண்டிக்கும் கிடையாது. சொந்தமாக வீடு கட்டுகிறவன் ராத்திரிதான் வண்டி விட வேண்டும். விளைவு? ராத்திரி முழுக்க சக்கரச் சத்தம். நூறு நூற்றைம்பது வருஷம் கழித்து வந்த ஜுவனல் என்ற அங்கதக் கவிஞர், ரோமில் தூங்குவதென்றால் பெரிய பணக்காரனாக இருக்க வேண்டும் என்று புலம்புகிறார். மரத்தடியும் சலவைக்கல்லும் ஏற்றிய வண்டி கூட்டத்தின்மேல் கவிழ்ந்தால் என்ன கதி என்றும் அதே கவிதையில் பயப்படுகிறார்.

அரசாங்க வேலைக்கு ஒரு வழி, சொந்த வீட்டுக்கு ஒரு வழி. இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சேலத்தில் மறுபடி வரும்.

சேலத்துக்கு ரயில் வந்தது 1861-ல். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிப் போன மதராஸ் ரயில்வே பாதை அது. ஆனால் ஸ்டேஷன் அமைந்தது சூரமங்கலத்தில், பழைய ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி. அதனால் தூரத்திலிருந்து வந்த இரும்பு, தேக்கு எதுவானாலும் சூரமங்கலத்தில் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டி ஏற வேண்டியிருந்தது. ஊருக்குள் டவுன் ஸ்டேஷனும் செவ்வாய்ப்பேட்டை பக்கம் மார்க்கெட் ஸ்டேஷனும் வந்தது ரொம்பப் பின்னால். அசௌகரியம்தான், ஆனால் அதில் ஒரு நன்மை இருந்தது. பொருள் காத்திருந்த இடம் ரயில்வே யார்டு. தெருவுக்குள் வந்தது ஒரு டன்னுக்குள் ஏற்றிய மாட்டு வண்டி. இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடும். அந்தக் காலத்து வீடும் பெரும்பாலும் பக்கத்தில் கிடைத்ததை வைத்துக் கட்டியதுதான். மண், சுண்ணாம்பு, ஓடு. குழியில் ஊறப்போட்ட சுண்ணாம்பு அங்கேயே கிடக்கும். அதற்கு அவசரம் இல்லை, அதை ஒட்டி வேலைக்கும் அவசரம் இல்லை.

இப்போது மேட்டூர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் பாடப்புத்தகத்தில் மேட்டூர் என்றால் அணையின் உயரமும் கொள்ளளவும்தான் கேட்பார்கள். பொருள் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

மைசூர் அரசோடு 1924 பிப்ரவரியில் காவிரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த வருஷம், 1925 ஜூலையில் வேலை தொடங்கியது. முடிந்து திறந்தது 1934 ஆகஸ்ட் 21. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த ஸ்டான்லியின் பெயர்தான் இன்றும் நீர்த்தேக்கத்துக்கு. 5,300 அடி நீள அணை. செலவு 4 கோடியே 80 லட்சம் ரூபாய் என்கிறார்கள். இவ்வளவு கல்லும் கலவையும் சேர்த்துக் கட்ட வேண்டிய இடத்துக்கு ஆரம்பத்தில் ரயிலே கிடையாது. சேலத்திலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். சிமெண்டு, இயந்திரம், நிலக்கரி எல்லாவற்றையும் மாட்டு வண்டியிலும் அன்றைய சின்ன லாரியிலும் ஓமலூர் ரோட்டில் இழுத்திருந்தால் அந்த ரோடு என்ன கதிக்கு ஆளாகியிருக்கும்!

அப்படி விடவில்லை. 1920-களின் இறுதியில் சேலத்திலிருந்து ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர் அணைக்குத் தனியாக ஒரு ரயில் பாதை போட்டார்கள். கல்லைப் பக்கத்துக் குன்றுகளிலேயே உடைத்தார்கள், அதனால் இருப்பதிலேயே கனமான பொருள் ஊர் ரோட்டுக்கே வரவில்லை. வேலை நடக்கும் இடத்தில் தண்டவாளத்தின்மேல் நகரும் கோபுர இயந்திரங்களை நிறுத்தி, கலவையை அணையின்மேல் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கான ஆட்கள் தங்க ஓர் ஊரையே கட்டினார்கள். அதுதான் இன்றைய மேட்டூர். சுருக்கமாகச் சொன்னால், கட்டுவதற்கு முன்பே பொருள் வரும் வழியையும் அது காத்திருக்கும் இடத்தையும் கட்டிவிட்டார்கள். அந்தச் செலவு அணையின் கணக்கிலேயே சேர்ந்தது.

"அது அரசாங்கம், கோடிக்கணக்கில் பணம்; நம்ம வீட்டுக்கு ரயிலா போட முடியும்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால் தனியார் கட்டிய ஒரு கட்டடத்தையும் பார்த்துவிடுவோம், நடு நகரத்திலேயே.

மேட்டூர் பாதி எழும்பியிருந்த அதே சமயம் நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. 1930 மார்ச்சில் ஆரம்பித்து 1931 மே முதல் தேதி திறந்துவிட்டார்கள். 102 மாடி! இடமோ உலகத்திலேயே நெருக்கடியான தெருக்களில் ஒன்று. லாரியைத் தெருவில் நிறுத்தவோ, பொருளை நடைபாதையில் குவிக்கவோ வழியே கிடையாது. அவர்கள் லாரியைக் கட்டடத்தின் தரைத்தளத்துக்குள்ளேயே ஓட்டி வரச் செய்தார்கள். செங்கல் லாரி உள்ளே வந்து கொட்டினால் அது கீழே அடித்தளத்தில் இருந்த பெரிய தொட்டியில் விழும். அங்கிருந்து தள்ளுவண்டி, லிப்டு, பிறகு ஒவ்வொரு மாடியிலும் போட்டிருந்த குட்டித் தண்டவாளம். ஒரு கோடி செங்கல் இப்படிப் போனதாம், தெருவில் ஒரு அடுக்குகூட நிற்காமல். எந்தப் பொருள் எந்த நாள் எந்த மாடிக்கு என்று முதலிலேயே அட்டவணை. இது தர்மத்துக்காகச் செய்ததில்லை. தாமதமானால் வட்டி ஏறும், தெரு அடைபட்டால் அடுத்த லாரி வராது. தன் காசு போகும் என்றால் எவனும் திட்டம் போடுவான்!

நம்ம ஊரில் அந்தக் காசு யார் தலையில் விழுந்தது? அதற்கு லாரிக் கதைக்கு வர வேண்டும்.

நாமக்கல் என்றால் கோழிக்கு அடுத்து லாரிதான் (லாரிக்கு அடுத்துதான் கோழி என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு). அடிச்சட்டமாக வந்த வண்டிக்கு மரமும் தகரமும் வைத்து பாடி கட்டும் பட்டறைகள், டயர்க் கடைகள், பைனான்ஸ்காரர்கள் என்று ஒரு ஊரே அதைச் சுற்றி வளர்ந்தது. கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, தவணையில் ஒரு வண்டி வாங்கி ஓனரானவர்கள் இங்கே நிறையப் பேர். 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமானது. பக்கத்துத் திருச்செங்கோடு போர்வெல் வண்டிக்குப் பேர்போனது. வீடு கட்டுகிற இடத்துக்கு முதலில் வருவது அந்த வண்டிதான். ஒன்றில் துளை போடும் இயந்திரம், இன்னொன்றில் கம்ப்ரஸரும் குழாயும். இரண்டும் தெருவுக்குள் நின்றால் அன்றைக்கு அந்தத் தெரு அவ்வளவுதான்.

சங்ககிரியில் 1960-களிலேயே சிமெண்ட் ஆலை வந்துவிட்டது. ஜல்லி சுற்றுப்புறக் குன்றுகளில். மணல் மோகனூர், பரமத்தி வேலூர் பக்கம் காவிரியில். ஆக ரயில் தேவையே இல்லாமல் போனது. ஏற்றுகிற இடத்திலிருந்து வாசல்வரைக்கும் ஒரே வண்டி! பார்த்தால் பெரிய வசதி. ஆனால் நடுவில் இருந்த அந்த யார்டு காணாமல் போனது. ஒரு டன் மாட்டு வண்டி வந்த அதே தெருவில் பதினைந்து டன் லாரி வந்து ஒரே கொட்டாகக் கொட்டிவிட்டுப் போகும். அவ்வளவையும் ஒரே நாளில் கலக்க முடியாதே! அதனால் தெருவே யார்டு ஆனது, வாடகை இல்லாமல்.

இன்னொரு பக்கம் லாரியும் காத்திருக்கத் தொடங்கியது. 2003 அக்டோபரில் ஆற்று மணல் அள்ளுவதைத் தமிழக அரசு தன் கையில் எடுத்துப் பொதுப்பணித்துறையிடம் கொடுத்தது. ஆறு பாழாகிறது என்ற கவலை நியாயமானது. ஆனால் குவாரிகளின் எண்ணிக்கை குறையக் குறைய, ஏற்றுவதற்கான வரிசை நீண்டது. 2017 மே மாதம் குவாரிகளை அரசே நேரடியாக நடத்தும் என்று அறிவித்து, இணையத்தில் முன்பதிவு செய்யும் முறையும் வந்தது. அதே நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மணல் குவாரிகளை ஆறு மாதத்தில் மூட வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தக் காலத்தில் லாரிகள் ஒரு லோடுக்கு நாள்கணக்கில் கிடந்தன. வண்டி ஓடினாலும் நின்றாலும் தவணை நிற்காது. டிரைவரும் கிளீனரும் வண்டிக்கு அடியிலேயே சமைத்து, வண்டிக்கு அடியிலேயே படுத்து... ஜனங்கள் எம்-சாண்டுக்கு மாறியதற்கு மணல் விலை ஒரு காரணம் என்றால், எப்போது வரும் என்று தெரியாத இந்தக் காத்திருப்பு இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஏற்றியாகிவிட்டது என்றாலும் முடியவில்லை. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 115-ம் பிரிவில், ஒரு பகுதியில் குறிப்பிட்ட வண்டிகள் வரக்கூடாது என்று கட்டுப்படுத்த அதிகாரம் இருக்கிறது. சீசரின் வெண்கலப் பலகையின் பேரன் என்று வைத்துக்கொள்ளலாம். நெரிசல் நேரத்தில் லாரி ஊருக்குள் வராமல் இருப்பது நல்லதுதான், எதிர்க்கவில்லை. ஆனால் தடை போடும்போது, அந்த நேரத்தில் லாரி எங்கே நிற்கும் என்று சேர்த்து யோசிக்க வேண்டாமா? பைபாஸ் ஓரத்தில் நிற்கிறது. இருட்டில் நிற்கிற லாரியின் பின்னால் வந்து மோதுகிற செய்தியை நாமும் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். ஊருக்குள் குறைத்த ஆபத்தைக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே வைத்திருக்கிறோம்.

லண்டனில் 2005 வாக்கில் வேறு ஒன்றை முயன்றார்கள். பல கட்டடங்களுக்கு வரும் பொருளை எல்லாம் ஒரே கிடங்கில் இறக்கி, எந்தக் கட்டடத்துக்கு இன்றைக்கு என்ன தேவையோ அதை மட்டும் சேர்த்து ஒரே வண்டியில் அனுப்பினார்கள். கட்டட வாசலுக்கு வரும் வண்டிகள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்ததாகக் கணக்கெடுத்தார்கள். யோசித்துப் பார்த்தால் நம்ம சூரமங்கலம் யார்டும் மாட்டு வண்டியும் செய்ததும் கிட்டத்தட்ட இதுவேதானே! நாம் தொலைத்ததை அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டையில் லாரி மார்க்கெட் இருக்கிறது, கடைசி நடைக்குக் குட்டி யானையும் இருக்கிறது (டாட்டா ஏஸ் 2005-ல் வந்தது, சந்துக்குள் போகும் மாட்டு வண்டியின் இடத்தை அதுதான் பிடித்தது). ஊருக்கு நாலு பக்கமும் நாலு மணல் ஜல்லி யார்டு வைத்து, தேவைக்குத் தேவை ஒரு யூனிட், அரை யூனிட்டாக அனுப்பினால் என்ன? சில்லறையாக வாங்கினால் விலை கொஞ்சம் கூடும், அதனால்தான் யாரும் செய்ய மாட்டேன் என்கிறார்கள். தெருவை வாடகையில்லாமல் கொடுக்கும்வரை யாரும் யார்டுக்குக் காசு கொடுக்க மாட்டார்கள்.

காத்திருக்கவே முடியாத பொருளும் ஒன்று உண்டு. ரெடிமிக்ஸ் கான்கிரீட். தண்ணீர் ஊற்றிய கலவையை ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. ஐந்து ரோட்டில் மாட்டிக்கொண்டால் டிரம்முக்குள்ளேயே இறுகத் தொடங்கும். அதனால் ரெடிமிக்ஸ் வாங்குகிறவர் மட்டும் நேரம் பார்த்து, தெருவைக் காலி செய்து, அக்கம்பக்கத்தில் முதல் நாளே சொல்லிவைத்து வேலை செய்கிறார். திட்டம் போட நமக்கும் தெரியும் போலிருக்கிறது :-)

ஐந்து ரோடு என்றதும் அந்த ஈரடுக்கு மேம்பாலத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2016-ல் தொடங்கிய வேலை பகுதி பகுதியாகத் திறந்து, 2020 ஜூனில் முழுமையானது. எல்லாக் கிளைகளும் சேர்த்து 7.87 கிலோமீட்டர், 441 கோடி ரூபாய். ஊரின் நெரிசலைத் தீர்க்கக் கட்டிய பாலத்துக்கு ஊரின் நடு ரோடே பணியிடம். அந்த நாலு வருஷமும் ஊர் சுற்றிப்போனது. ஆனாலும் அங்கே தடுப்பு இருந்தது, மாற்றுப் பாதை அறிவிப்பு இருந்தது, கேள்வி கேட்க ஒரு துறை இருந்தது. ரோமில் போலவே அரசாங்க வேலைக்கு ஒரு வழி செய்து கொடுக்கிறோம். குறுக்குத் தெருவில் எழும்பும் வீட்டுக்கு எந்த வழியும் சொல்வதில்லை. 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள், இடிபாட்டை வளாகத்துக்குள்ளேயே வைக்க வேண்டும், போக்குவரத்தை மறிக்கக் கூடாது என்று சொல்லின. அது இடித்த கல்லுக்கு. கட்ட வந்த கல்லோ இன்னும் ரோட்டில்தான் இறங்குகிறது.

மேட்டூர் ரயில் பாதை என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். அணை முடிந்தும் அதைப் பிடுங்கவில்லை. 1936-ல் மேட்டூரில் ரசாயன ஆலை வந்தது, அதற்குப் பயன்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் அனல் மின் நிலையம் வந்தது, அதற்கு நிலக்கரி அந்தப் பாதையில்தான் போகிறது. எரிந்த நிலக்கரியின் சாம்பல் சிமெண்டுக்கும் சாம்பல் செங்கலுக்கும் போகிறது. அந்தச் செங்கல் லாரியில் ஏறி சேலத்துக்கு வந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஏதாவது ஒரு குறுக்குத் தெருவில், பாதி ரோட்டில் அடுக்கப்படுகிறது.